பெரிய வாத்தும் புதிய குஞ்சும்

வீட்டில் வளர்ந்த இரண்டு வாத்துகளில் ஒன்றைக் கீரியோ தெருநாயோ கொண்டுபோய்விடுகிறது. மிஞ்சியது நாள் முழுக்கக் கத்திக்கொண்டு வேலியோரம் அலைகிறது. பார்க்கப் பொறுக்காமல் சந்தையிலிருந்து ஒரு குஞ்சைத் துணைக்கு வாங்கி வருகிறார்கள். குஞ்சு ஓடிப்போய்ப் பெரியதன் இறக்கைக்குள் புகுந்துகொள்ளும், பெரியது அதைத் தன் பிள்ளைபோல் வளர்க்கும் என்பதுதான் எல்லோருக்கும் இருக்கும் ஆசை. அது எந்த இனத்தில் நடக்கும், எந்தச் சூழலில் நடக்கும், எங்கே குஞ்சின் உயிருக்கே ஆபத்தாகும் என்பதைப் பறவை ஆராய்ச்சியாளர்களும் கால்நடை மருத்துவர்களும் வளர்ப்பவர்களும் தனித்தனியே சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றும் முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: பார்க்க விடலாம், தொட விடக் கூடாது, தொட விடும் நாளைக் குஞ்சின் உடல் வளர்ச்சியைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். நம் ஆசைக்கு அதில் இடமில்லை.

காரணம் எடையில் இருக்கிறது. பொரித்த அன்று வாத்துக் குஞ்சு 40 முதல் 50 கிராம் இருக்கும். முட்டைக்காக வளர்க்கும் காக்கி கேம்பல் வாத்து வளர்ந்தபின் சுமார் 2 கிலோ. இன்னொரு பெரிய வாத்தைத் தீவனச் சட்டியிலிருந்து விலக்க அது போடும் சாதாரணக் கொத்து ஒன்றே குஞ்சின் கழுத்தை முறிக்கப் போதும். அதில் வன்மம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

குஞ்சு எதைத் தாயென்று நினைக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பொரித்தவுடன் கண்ணில் படும் அசையும் உருவத்தைப் பின்தொடரும் குணத்தை 1873-இலேயே டக்ளஸ் ஸ்பால்டிங் கோழிக்குஞ்சுகளிடம் கண்டு எழுதினார். அதை அறிவியல் உலகம் பேசும் பொருளாக்கியது கான்ராட் லோரன்ஸ் 1935-இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை. அவரிடம் வளர்ந்த பெருவாத்துக் (கூஸ்) குஞ்சுகள் அவரையே தாயாக ஏற்றுக்கொண்டன. ஆனால் மல்லார்ட் என்னும் காட்டு வாத்தின் குஞ்சுகள் அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. அவர் குந்தியபடி நகர்ந்து, தாய் வாத்தைப் போல இடைவிடாமல் குரல் கொடுத்தால்தான் பின்னால் வந்தன. குரல் நின்றால் அழுதன. நம் வீட்டு வாத்துகளில் மஸ்கோவி தவிர மற்றவையெல்லாம் அந்த மல்லார்டின் வழிவந்தவை. எக்ஹார்ட் ஹெஸ் 1958-இல் வெளியிட்ட ஆய்வின்படி மல்லார்ட் குஞ்சிடம் இந்த மனப்பதிவு உச்சத்தில் இருப்பது பொரித்த 13 முதல் 16 மணி நேரத்துக்குள். முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சு குரல்களைக் கேட்டுப் பழகுகிறது என்று கில்பர்ட் காட்லிப் காட்டினார்.

ஆக, பத்து நாள் வயதில் சந்தைக்கு வரும் குஞ்சு தன் சொந்தத்தை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. இன்குபேட்டரில் பொரித்ததென்றால் அதன் சொந்தம் கூடப் பொரித்த குஞ்சுகள்தான். அவற்றிடமிருந்து ஒன்றை மட்டும் பிரித்து எடுத்து வந்தால் அது கத்துவது பசியால் அல்ல. பெரிய வாத்து அதன் கண்ணுக்குத் தாயாகத் தெரியாது, பயமாகத்தான் தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே, ஒன்று வாங்க வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது: இரண்டாக வாங்குங்கள். இரண்டு இருந்தால் ஒன்றை ஒன்று அணைத்துத் தூங்கும், தின்னும், நீரில் அலகை நனைக்கக் கற்கும். பெரியது ஏற்கிறதா இல்லையா என்பது அவசரப் பிரச்சினையாக இருக்காது. நமக்கும் பொறுமை வரும்.

நம் கிராமங்களில் வாத்து முட்டையை நாட்டுக்கோழிக்கு அடை வைக்கும் வழக்கம் உண்டு. முட்டைக்கென்றே பெருக்கிய வாத்து வகைகளுக்கு அடைப்படுக்கும் குணம் பெரும்பாலும் போய்விட்டதால் வேறு வழியில்லை. கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். அந்த ஏழு நாளையும் பொறுத்துக் கோழி உட்கார்ந்துவிடும். அப்படிப் பொரித்த குஞ்சுக்குக் கோழிதான் தாய். பெண் குஞ்சுக்கு இதனால் பெரிய கேடில்லை. ஆணுக்கு உண்டு. வேறு இனப் பறவைகளோடு வளர்ந்த மல்லார்ட் ஆண்கள் வளர்ந்தபின் அந்த இனத்தையே துணையாகத் தேடியதை ஃப்ரீட்ரிஷ் ஷுட்ஸ் 1960-களில் பதிவு செய்தார். கோழிகளோடு வளர்ந்த ஆண் வாத்து கோழிகளை மிதிக்கப் போகும். கோழியின் உடம்பு அதைத் தாங்காது. அதனால் அத்தகைய குஞ்சை வாத்துகள் கண்ணில் படும்படி வளர்ப்பது, ஏற்பு அவசியமோ இல்லையோ, நல்லது.

பெரிய வாத்துக்கும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. கோழிகளிடம் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை இருப்பதை நார்வேயைச் சேர்ந்த ஷெல்டெரப்-எப்பே 1920-களின் தொடக்கத்தில் விளக்கினார். வாத்துகளிடமும் வரிசை உண்டு, கோழிகளின் அளவுக்கு இறுக்கமில்லை. வரிசை நிலைத்துவிட்ட பட்டியில் சண்டை குறைவு. புதிதாக ஒன்று நுழைந்தால் எல்லாம் மறுபடி தொடங்குகிறது. தனியாக இருக்கும் வாத்துக்கு வரிசை இல்லாவிட்டாலும் உடைமை இருக்கிறது: சாப்பிடும் சட்டி, குளிக்கும் தொட்டி, இரவில் படுக்கும் மூலை. வீட்டு வளர்ப்பில் நடக்கும் கொத்தல்களில் பெரும்பாலானவை இந்த மூன்றிடத்தில்தான்.

ஆணும் பெண்ணுமாகப் பெரியவை இரண்டு இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெண் வாத்து புதியதைக் கண்டதும் தன் ஆணின் பக்கம் ஓடும். அங்கே நின்று, தலையைத் தோளுக்கு மேலாகத் திருப்பித் திருப்பி அந்நியனை நோக்கி வெட்டும். கூடவே ஏறி இறங்கும் ஒரு முறையீட்டுக் குரல். ஆணைத் தூண்டிவிடும் இந்த அசைவை லோரன்ஸ் வாத்தினங்கள் பற்றிய 1941-ஆம் ஆண்டு ஒப்பாய்வில் விரிவாக எழுதியிருக்கிறார். பார்ப்பவருக்கு அது கழுத்து வலியில் நெளிவதுபோல் இருக்கும். ஆனால் அந்த அசைவு தெரிந்தால் அடுத்துக் குஞ்சை நோக்கிப் பாயப்போவது ஆண். பெண் சாதுவாகத்தானே நிற்கிறது என்று வேலியைத் திறந்துவிடக் கூடாது.

அப்படியானால் அடுத்தவர் குஞ்சை ஏற்று வளர்க்கும் நீர்ப்பறவையே இல்லையா? நிறைய உண்டு. வடகடல் ஓரங்களில் ஈடர் வாத்துகள் பல தாய்களின் குஞ்சுகளை ஒரே கூட்டமாகச் சேர்த்து நடத்திச் செல்கின்றன. ஷெல்டக்குகளும் கனடா பெருவாத்துகளும் அப்படியே. வட அமெரிக்க இனங்களில் இதுபற்றிக் கிடைத்த செய்திகளை ஈடி, கீஹோ, நட்ஸ் மூவரும் 1988-இல் ஒரு மீளாய்வாகத் தொகுத்தார்கள். இந்தப் பறவைகளுக்கு அது பெரிய சுமையில்லை: குஞ்சுகள் முதல் நாளிலிருந்தே தாமாகப் பொறுக்கித் தின்பவை; ஊட்ட வேண்டியதில்லை, காவல் காத்தால் போதும். ஆனால் மல்லார்ட் தாய் இந்தக் கூட்டத்தில் சேராது. தன் குஞ்சுகளிடையே அந்நியக் குஞ்சு நுழைந்தால் கொத்தி விரட்டும், சில வேளை கொன்றும் விடும். நம் வாத்தின் ரத்தத்தில் ஓடுவது அந்தக் குணம். இறக்கைக்குள் புகும் குஞ்சு என்ற ஆசையை நாம் வேறு பறவைகளைப் பார்த்து வளர்த்துக்கொண்டோம்.

பெருவாத்துகளின் கதை வேறு. இணையைப் பிரியாமல் வாழும், ஆணும் சேர்ந்து குஞ்சைக் காக்கும். குஞ்சு வளர்த்துப் பழகிய இணை புதிய பெருவாத்துக் குஞ்சை ஏற்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. அதே ஆண், முட்டை வைக்கும் பருவத்தில், கூடு இருக்கும் பக்கம் வருகிற எதையும் அடிக்கும். மஸ்கோவியில் பெண் நல்ல அடைப்பறவை, 35 நாள் உட்காரும். ஆண் பெண்ணைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை, கால் நகங்களும் கூர்மை. மஸ்கோவி ஆண் இருக்கும் இடத்தில் காத்திருப்பை இன்னும் நீட்டுவதே சரி.

ஏற்பு மெய்யாகவே நிகழும் வழி ஒன்று உண்டு. வாத்தோ கோழியோ பெருவாத்தோ, வாரக்கணக்கில் அடைப்படுத்து, பொரிக்கும் நாள் நெருங்கிய பறவையாக இருக்க வேண்டும். பொரித்து ஒன்றிரண்டு நாளே ஆன குஞ்சை இருட்டில், சத்தமில்லாமல், அதன் வயிற்றடியில் வைக்க வேண்டும். விடியும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். வெளிச்சத்தில் தலையைத் தாழ்த்திக் குஞ்சைப் பார்த்து மெல்ல முனகினால் வெற்றி, கொத்தினால் உடனே எடுத்துவிட வேண்டும். அடைப்படுக்காத பறவையிடமோ பத்து நாள் குஞ்சை வைத்தோ இதைச் செய்து பார்ப்பது வீண் ஆபத்து.

மற்ற எல்லாருக்கும் காத்திருப்புதான் வழி. நல்ல வேளையாகக் குஞ்சின் உடம்பே அந்தக் காத்திருப்பைக் கேட்கிறது. முதல் சில நாள் அதற்கு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைக்கலாம். சித்திரை வெயிலில் பகலுக்கு பல்பு வேண்டாம், பின்னிரவுக்கு மட்டும் போதும். உடம்பு முழுக்கச் சிறகு மூட ஏழெட்டு வாரம் ஆகும். தாயின் அணைப்பில் வளராத குஞ்சின் தூவி சீக்கிரம் நனைந்து ஊறிவிடும். பெரியதன் தொட்டியில் விட்டால் குளிரில் விறைக்கும், ஏறி வர முடியாமல் மூழ்கவும் செய்யும். தொட்டிக்குள் செங்கல் படி வைப்பதும், குஞ்சுக்கு மூக்குத் துளை நனையும் ஆழத்தில் மட்டும் தண்ணீர் வைப்பதும் பிற்பாடு சேர்த்து விடும்போதுகூடத் தொடர வேண்டியவை.

நோய்களைப் பற்றி வீட்டு வளர்ப்பில் பேச்சே எழுவதில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். நெதர்லாந்தில் 1923-இல் கண்டறியப்பட்ட வாத்து பிளேக், பிழைத்தெழுந்த வாத்தின் உடம்பில் ஒளிந்திருந்து நெடுநாள் கழித்தும் மற்றவற்றுக்குப் பரவும். லாங் ஐலண்டில் 1949-இல் வெளிப்பட்ட வாத்துக் குஞ்சுக் கல்லீரல் அழற்சி ஆறு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளைத் தலை பின்னால் வளைந்த நிலையில் சில மணி நேரத்தில் கொன்றுவிடும். அதே கிருமி பட்ட பெரிய வாத்தோ ஒன்றுமே காட்டாமல் மேய்ந்துகொண்டிருக்கும். 2014-இல் குட்டநாட்டு வாத்துகளைத் தாக்கிய எச்5என்1 பறவைக் காய்ச்சலையும் சில வாத்துகள் அறிகுறி இல்லாமல் சுமக்கக்கூடும். ஆகவே ஆரோக்கியமாகத் தெரிவதை நம்பி இரண்டையும் சேர்க்க முடியாது. மூன்று நான்கு வாரத் தனிமை வேண்டும். முதலில் குஞ்சுக்குத் தீவனமும் தண்ணீரும், பிறகுதான் பெரியதற்கு. செருப்பை மாற்றிக்கொள்வது, கை கழுவுவது, சட்டிகளைக் கலக்காமல் இருப்பது. வாத்து பிளேக் தடுப்பூசியை எட்டு வாரம் வாக்கில் போட வேண்டியிருக்கும். நேரத்தைப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

வேலிவழிப் பழக்கம் உடனே தொடங்க வேண்டும் என்போரும், தனிமை முடியாமல் பக்கத்திலேயே கொண்டுவராதே என்போரும் இந்த இடத்தில் மோதுகிறார்கள். இரண்டையும் காப்பாற்ற இடமிருக்கிறது. தனிமை வாரங்களில் குஞ்சுகளைப் பெரியது பார்க்க வேண்டியதில்லை, கேட்டால் போதும். குரலுக்கு இந்த இனம் கொடுக்கும் முக்கியத்துவத்தை லோரன்ஸும் காட்லிப்பும் காட்டிவிட்டார்கள். வீட்டின் அடுத்த பக்கத்திலிருந்து கீச்சொலி நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தால், கண்ணில் படும் நாளில் அது முற்றிலும் அந்நியமாக இருக்காது.

தீவனத்தில் கவனம் எங்கே வேண்டும் என்றால், முட்டையிடும் வாத்துக்குக் கொடுக்கும் தீவனத்தில் 3 முதல் 4 சதவீதம் சுண்ணாம்புச் சத்து இருக்கும். குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். தொடர்ந்து மிகுந்தால் சிறுநீரகம் கெடும். சேர்த்து வைத்தபின் இரண்டும் ஒன்றின் சட்டியில் மற்றது தின்னத்தான் செய்யும். அதனால் எல்லாவற்றுக்கும் குஞ்சு அல்லது வளர்பருவத் தீவனத்தையே வைத்து, பெரியதற்கு மட்டும் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைப்பது எளிய தீர்வு. தேவைக்குத் தகுந்தபடி பெரியது அதைத் தின்னும். குஞ்சு பெரும்பாலும் தொடாது. கோழிக்குஞ்சுத் தீவனம் மட்டும் போட்டால் வாத்துக் குஞ்சுக்கு நியாசின் பற்றாது. கிலோவுக்கு 55 மில்லிகிராம் அதற்கு வேண்டும், கோழிக்குஞ்சின் தேவையைவிட மிக அதிகம். பற்றாக்குறையில் கால் வளைந்து மூட்டு வீங்கும். நடக்க முடியாத குஞ்சு பெரியதன் கொத்திலிருந்து விலகி ஓடவும் முடியாது. தீவனத்தில் ஈஸ்ட் பொடி கலப்பது இதற்காகத்தான். பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்ததன் காரணத்தைத் தேடியபோதுதான் கடலைப் பிண்ணாக்கிலிருந்த அஃப்ளடாக்சின் வெளிப்பட்டது. அந்த நஞ்சுக்கு மிக எளிதில் பலியாகும் உயிர்களில் வாத்துக் குஞ்சும் ஒன்று.

தனிமை முடிந்தபின் வேலி. சிறுகண் கம்பி வலையாக இருக்க வேண்டும். அகலக் கண்ணென்றால் அலகு உள்ளே போகும், குஞ்சின் தலை வெளியே வரும். ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு வலை கட்டினால் இன்னும் நல்லது. கிராமத்து வீடுகளில் பஞ்சாரமே போதும். பெரிய பஞ்சாரமாக எடுத்து, ஓரத்தில் வலை சுற்றி, குஞ்சுகளை உள்ளே விட்டு முற்றத்தில் கவிழ்த்து வைத்தால் பெரியது சுற்றி வந்து பார்க்கும். இரு பக்கமும் தீவனத்தை வலையோரமாக வைத்தால் ஒன்றின் முகத்தைப் பார்த்து ஒன்று தின்னும் பழக்கம் வரும். இந்த நாள்களில் பார்த்தறிய நிறைய இருக்கிறது. கழுத்தைத் தரையோடு நீட்டி, அலகைத் திறந்தபடி வலையை நோக்கி ஓடி வந்தால் இன்னும் காலமில்லை. தலையை மேலும் கீழும் ஆட்டி மெல்லப் பேசிக்கொண்டால், குஞ்சுகளும் அதேபோல் ஆட்டிப் பதில் சொன்னால், பாதி வேலை முடிந்தது. பெரியது வலைக்குப் பக்கத்திலேயே ஒற்றைக்காலில் நின்று சிறகு கோதி உறங்கத் தொடங்குவது அதைவிட நல்ல குறி.

எப்போது வலையை எடுக்கலாம்? ஆறு வாரம், எட்டு வாரம், நான்கு மாதம் என்று ஆளுக்கொரு கணக்கு. நான் எட்டு வாரத்தைக் கீழ் எல்லையாக வைப்பேன்: சிறகு மூடியிருக்க வேண்டும், எடை பெரியதன் எடையில் முக்கால் பங்காவது வந்திருக்க வேண்டும். சமையலறைத் தராசில் பார்த்துவிடலாம். கோழி வளர்ப்பவர்கள் சிலர் இரவில் கூட்டுக்குள் புதியதை விட்டுவிட்டால் காலையில் ஒன்றாக எழும் என்பார்கள். இருட்டில் கோழி அசையாது. வாத்தோ இரவிலும் விழித்துத் திரியும் பறவை. அடைத்த கூட்டில் தப்பி ஓடவும் இடமில்லை. வாத்துக்கு அந்த யோசனை பொருந்தாது. காலை நேரத்தில், இரண்டும் படுத்துப் பழகாத பொது இடத்தில், இரண்டுக்கும் அதிகமான தீவனச் சட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்து அரை மணி நேரம் விடுவதே பாதுகாப்பு. சின்னது மட்டும் நுழையும் வாசல் வெட்டிய ஒரு பெட்டியும் அங்கே இருக்க வேண்டும். நேரத்தை நாள்தோறும் கூட்டலாம். ஒரே கூட்டில் இரவு தங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி.

துரத்தல் இருக்கும். சட்டியிலிருந்து தள்ளும், ஒன்றிரண்டு சிறகும் போகும். ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். அதற்குப் பதறிப் பிரித்துக்கொண்டே இருந்தால் முடிவே வராது. பிடரியைக் கவ்வி அழுத்துவது, மூலையில் அடைத்துவைத்துக் கொத்துவது, ரத்தம், சின்னது தின்னாமல் எடை குறைவது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே பிரித்து மறுபடி வலையிலிருந்து தொடங்க வேண்டும்.

பிடரியைக் கவ்வுவது ஆண் வாத்தின் செயல் என்றால் விஷயம் இன்னும் கடுமை. மல்லார்ட் வழி ஆண்கள் பெண்ணின் விருப்பமின்றியே மிதிப்பவை. அதை எதிர்த்தே பெண் வாத்தின் பிறப்புறுப்பு சுழல்களும் முட்டுச்சந்துகளுமாக வடிவெடுத்திருக்கிறது என்று பட்ரீசியா பிரென்னன் குழுவினர் 2007-இல் காட்டினார்கள். பருவமெய்தாத பெட்டைக்கு அந்தக் காப்பும் போதாது. தண்ணீரில் மிதித்தால் மூழ்கிப்போகலாம். ஆகவே துணைக்கு அலையும் வாத்து ஓர் ஆணாக இருந்தால், இளம்பெட்டையை அதனோடு விடும் நாள் எட்டு வாரமல்ல. ஐந்து மாதத்தை ஒட்டி, அதுவும் ஒன்றாக இல்லாமல் நான்கைந்து பெட்டைகளாக. அத்தனை வளர்க்க இடமில்லாத வீட்டில் ஆணுக்கு இன்னோர் ஆணே நல்ல துணை. பெட்டை கண்ணில் படாத வரை இரண்டு ஆண்கள் சமாதானமாக வாழும்.

சிக்கல் என்னவென்றால், வாங்கும்போது குஞ்சு ஆணா பெண்ணா என்று விற்பவருக்கே பெரும்பாலும் தெரியாது. ஆறு முதல் பத்து வாரத்துக்குள் குரல் பிரியும்: பெட்டைக்கு உரத்த, தெளிந்த கத்தல், ஆணுக்குத் தொண்டை கட்டியது போன்ற கரகரப்பு. ஆணின் வால் மேல் சுருள் சிறகு தோன்ற இன்னும் சில வாரமாகும். மஸ்கோவியில் இந்த இரண்டு அடையாளமும் உதவாது, உடல் அளவைத்தான் பார்க்க வேண்டும். வலையை எடுக்கும் வயதும் குரல் பிரியும் வயதும் ஏறக்குறைய ஒன்றாக வருவதால், குரலைக் கேட்டு உறுதி செய்தபிறகே வலையை எடுக்கலாம். எடுத்த வலையைச் சுருட்டி வைத்திருக்க வேண்டும். குஞ்சு ஆணாக இருந்து, பட்டியில் பெட்டையும் இருந்தால், அதன் முதல் இனப்பெருக்கப் பருவத்தில் பெரிய ஆணோடு மோதல் வரும், அப்போது அதே வலை மறுபடி தேவைப்படும்.